லிஸ்பன் நகரின் வீடுகளும் நமது இரக்கமும்

தொலைவிலுள்ள ஒரு நாட்டைப் பூமியதிர்ச்சியோ பெருவெள்ளமோ அழித்துவிட்டது என்ற செய்தியை வாசித்ததும் நாம் வழக்கமாகச் செய்யும் காரியங்கள் இரண்டு. முதலில் இரங்குகின்றோம். சற்று நேரம் கழித்து, அங்கே மாண்டவர்களோடும் வீடிழந்தவர்களோடும் நம்மை ஒப்பிட்டுப் பார்த்து, நமது கவலைகள் எம்மாத்திரம் என்று கூறிக்கொள்கின்றோம். இவ்விரண்டாவது காரியத்தை மனப்பக்குவம் என்றும் பரந்த நோக்கு என்றும் போற்றுவோர் பலர். முதலாவது எங்கே முடிந்து இரண்டாவது எங்கே தொடங்குகின்றது என்று பிரித்தறிதல் எளிதன்று. பிறர் துயர் கண்டு கலங்கிய அதே மனம், அத்துயரையே தனக்கு அளவுகோலாக்கிக்கொண்டு அமைதி பெறுவதை இலக்கிய கர்த்தாக்கள் எவ்வாறு நோக்கினர் என்பதை ஆராய்வதே எமது நோக்கம்.

இவ்வாராய்ச்சிக்கு எம்மைத் தூண்டியது ஒரு மாணவனின் கட்டுரை. 2015 ஆம் ஆண்டு ஏப்ரல் 25 ஆம் திகதி நேபாளத்தில் நிகழ்ந்த பூமியதிர்ச்சியில் ஏறக்குறைய ஒன்பதினாயிரம் மக்கள் மாண்டனர். அதையடுத்த வாரங்களில் நாம் கற்பித்த பாடசாலையில் பிள்ளைகள் உண்டியல் குலுக்கிப் பணம் சேர்த்தார்கள். தமிழ்ப் பாடத்திலே அதனையே கட்டுரைப் பொருளாகவும் கொடுத்தோம். பத்தாந் தரத்து மாணவன் ஒருவன், நேபாளத்து மக்களை நினைக்கும்போது மாரிகாலத்தில் தன் வீட்டுக் கூரை ஒழுகுவது ஒரு குறையாகவே தோன்றவில்லை என்று எழுதியிருந்தான். சந்திப்பிழை இரண்டைத் திருத்தி, 'உயர்ந்த சிந்தனை' என்று ஓரத்தில் எழுதி, நிறையப் புள்ளிகளும் வழங்கினோம். கொப்பிகளைத் திருப்பிக் கொடுத்த பின்னரே அந்த வாக்கியம் மனத்தை அரிக்கத் தொடங்கியது. அவன் வீட்டுக் கூரை உண்மையாகவே ஒழுகியது. அதுபற்றி முறையிட அவனுக்கு நியாயம் இருந்தது. நேபாளத்தின் துயரம் அந்த நியாயத்தை அவன் வாயிலிருந்து பறித்துவிட்டது. பறித்ததற்கு நாம் புள்ளியும் இட்டுவிட்டோம்.

ஐரோப்பிய இலக்கியத்தில் இப்பிரச்சினை முனைப்பாகத் தலைகாட்டியது பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலாகும். 1755 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 1 ஆம் திகதி, புனிதர் அனைவரின் திருநாளன்று காலை, தேவாலயங்கள் சனத்தால் நிறைந்திருந்த வேளையில் போர்த்துக்கலின் தலைநகரமான லிஸ்பன் அதிர்ந்து சரிந்தது. தப்பியோடி ஆற்றங்கரையில் நின்றோர்மேல் சற்று நேரத்திற்குள் கடல் பொங்கி ஏறியது. எஞ்சிய பகுதிகளில் பற்றிய தீ நாட்கணக்காக எரிந்தது. மாண்டோர் தொகை பற்றிய கணிப்புகள் பத்தாயிரத்திலிருந்து அறுபதினாயிரம் வரை வேறுபடுகின்றன.

அழிந்தது சாதாரண நகரமன்று. பிரேசில் நாட்டுச் சுரங்கங்களில் ஆபிரிக்க அடிமைகள் தோண்டியெடுத்த பொன் வந்திறங்கிய துறை அது. போர்த்துக்கேயர் நமது தீவின் கரையோரங்களை 1658 இல் முற்றாக இழக்கும் வரையில் இங்கிருந்து சென்ற கறுவாவும் அங்கேதான் போய் இறங்கியது. கீழைத்தேய வாணிபத்தை நிருவகித்த 'காசா த இந்தியா' என்னும் திணைக்களமும், அது காத்துவைத்திருந்த ஏடுகளுட் பெரும்பகுதியும் அன்று அழிந்தன. அரண்மனையை ஒட்டி அவ்வாண்டு வசந்தகாலத்திலேதான் திறக்கப்பட்ட பிரமாண்டமான இசைநாடக அரங்கு ஏறக்குறைய ஏழு மாதமே நிலைத்தது. உலகச் செல்வத்தின் ஒரு பெருங்கூறு குவிந்திருந்த இடமாதலால், அதன் வீழ்ச்சி ஐரோப்பாவின் சிந்தனையாளர் யாவரையும் உலுக்கியது. வேறோர் இடமாயிருந்தால் இத்துணை உலுக்கியிருக்குமா என்ற கேள்விக்குப் பின்னர் வருவோம்.

அக்காலத்தில் ஜெனீவா நகருக்கு அருகே வசதியானதொரு மாளிகையில் வோல்ட்டேயர் வாழ்ந்து வந்தார். நவம்பர் மாத இறுதியில் செய்தி அவரை எட்டியது. சில வாரங்களுக்குள் லிஸ்பன் பேரழிவு பற்றிய நெடுங்கவிதையை அவர் எழுதி முடித்தார். 1756 இல் அது அச்சேறியது. இக்கவிதையின் பகைப்புலம் தெளிவானது. உள்ளதெல்லாம் நன்மைக்கே என்று, லைப்னிற்ஸின் தத்துவத்தையும் போப் என்ற ஆங்கிலக் கவிஞரின் செய்யுளையும் துணைக்கழைத்துப் பேசிய ஒரு கூட்டம் அன்று ஐரோப்பிய மாளிகைகளில் செல்வாக்குடன் விளங்கியது. அவர்களை இடிபாடுகளின் முன்னே கொண்டுவந்து நிறுத்தி, தாயின் மார்பில் நசுங்கிக் கிடக்கும் குழந்தை செய்த குற்றம் யாதென்று வோல்ட்டேயர் கேட்டார். லண்டனிலும் பாரிஸிலும் இல்லாத எந்தப் பாவம் லிஸ்பனில் இருந்தது என்று கேட்டார். துயருற்றவனுக்கு ஆறுதல் என்ற பெயரில் தத்துவம் கூறுவதைப்போன்ற கொடுமை வேறில்லை என்பதை அவர் உணர்ந்திருந்தார். அவ்வகையில் இது ஒரு துணிவான கவிதை. மதகுருமார் எல்லா அழிவுகளுக்கும் கடவுளின் கோபத்தைக் காரணம் காட்டிய காலத்தில் இதனை எழுதியமை சிறிய காரியமன்று.

ஆயினும் இக்கவிதையைத் திரும்பத் திரும்ப வாசிக்கும்போது ஒரு குறை புலனாகின்றது. மாண்டோர் அதில் வருகின்றனர். ஆனால் ஊரும் தெருவும் தொழிலும் அற்றவர்களாகவே வருகின்றனர். அவர்கள் ஒரு வாதத்தின் சான்றுகள். வோல்ட்டேயர் வழக்காடுவது தத்துவ ஞானிகளோடும், அவர்களுக்கு அப்பால் இறைவனோடும். அந்த வழக்கு மன்றத்திலே லிஸ்பன் நகரத்தார் சடலங்களாக மட்டும் சமுகமளிக்கின்றனர். எந்த வீடு விழுந்தது, அதனைக் கட்டியவன் யார், அதில் எத்தனை பேர் குடியிருந்தனர் என்ற கேள்விகள் அவர் உள்ளத்தில் எழவில்லை. தீமை எங்கிருந்து வந்தது என்று வானத்தை நோக்கிக் கேட்டவருக்குத் தரையை நோக்க அவகாசம் இருக்கவில்லை. இதே அதிர்ச்சி மொறோக்கோ நாட்டின் நகரங்களிலும் பேரழிவை விளைத்தது; கவிதையின் தலைப்பில் லிஸ்பன் மட்டுமே இடம்பெறுகின்றது.

கவிதையின் பிரதியொன்று ரூசோவின் கைக்கு எட்டியது. 1756 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18 ஆம் திகதியிட்டு அவர் வோல்ட்டேயருக்கு எழுதிய நீண்ட கடிதம், எமது கருத்தில், கவிதையைவிட முக்கியமான இலக்கியம். அக்கடிதத்தின் பெரும்பகுதி இறைவனின் பராமரிப்பை நியாயப்படுத்தும் வாதங்களால் ஆனது. அவ்வாதங்கள் இன்று நம்மைக் கவரமாட்டா. ஆனால் இடையிலே, பேச்சோடு பேச்சாக, ஒரு பந்தி வருகின்றது. ஆறு ஏழு மாடிகள் கொண்ட இருபதினாயிரம் வீடுகளை ஒரே இடத்தில் நெருக்கிக் கட்டியது இயற்கையன்று என்று ரூசோ எழுதுகின்றார். மக்கள் பரவலாகவும் பாரமற்ற வீடுகளிலும் வாழ்ந்திருந்தால் சேதம் மிகக் குறைந்திருக்கும். முதல் அதிர்வுடனேயே ஓடியிருந்தால் பலர் மறுநாள் வெகுதூரத்தில் உயிரோடு இருந்திருப்பர். ஆனால் ஒருவன் உடையை எடுக்கவும் இன்னொருவன் பத்திரங்களை எடுக்கவும் வேறொருவன் பணத்தை எடுக்கவும் திரும்பி ஓடி இடிபாடுகளில் சிக்கினான் என்கின்றார்.

இந்த இடத்திலே சிந்தனை வரலாற்றில் ஒரு திருப்பம் நிகழ்ந்தது எனலாம். பேரழிவு என்பது இயற்கையின் ஒரு நிகழ்ச்சியும் மனிதர் வாழுமாறு அமைக்கப்பட்ட விதமும் சந்திக்கும் இடத்தில் பிறப்பது என்ற உண்மை முதன்முறையாக இத்துணைத் தெளிவாகக் கூறப்பட்டது. அதிர்ச்சியை யாரும் தடுத்திருக்க முடியாது. வீடுகளை வேறுவிதமாகக் கட்டியிருக்கலாம். 2023 ஆம் ஆண்டு பெப்ரவரி 6 ஆம் திகதி துருக்கியிலும் சிரியாவிலும் ஐம்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட பூமியதிர்ச்சியை நினைத்துப் பார்ப்போம். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர், 2018 இல், விதிமுறைகளை மீறிக் கட்டிய கட்டடங்களுக்குப் பணம் வாங்கிக்கொண்டு அனுமதிப் பத்திரம் வழங்கும் திட்டமொன்றைத் துருக்கிய அரசு நடைமுறைப்படுத்தியிருந்தது. ரூசோவின் பந்தியை அடுத்து இச்செய்தியை வாசித்தால், இடையில் 267 ஆண்டுகள் கழிந்தன என்பதை நம்புவது கடினம்.

அதே கடிதத்தில் இன்னுமொரு கூற்று உண்டு. பேசப்படவேண்டிய அளவு அது பேசப்படவில்லை. இந்த அதிர்ச்சி மனித சஞ்சாரமற்ற வனாந்தரத்தில் நிகழ்ந்திருக்கக் கூடாதா என்று ஏங்குவோரை நோக்கி, வனாந்தரங்களிலும் அவை நிகழத்தான் செய்கின்றன, நகரத்துக் கனவான்களுக்குத் தீங்கு விளைக்காமையால் நாம் அவற்றைப்பற்றிப் பேசுவதில்லை என்கின்றார் ரூசோ. நாம் மனிதராகக் கணக்கெடுப்பது அந்தக் கனவான்களை மாத்திரமே என்பது அவருடைய குற்றச்சாட்டு. இசைநாடக அரங்கும் பொன்னும் இல்லாத நகரமொன்று சரிந்திருந்தால் ஐரோப்பா உலுங்கியிருக்குமா என்று முன்னர் கேட்டோம். வர்க்கம் என்ற சொல் இன்றைய பொருளில் வழங்குவதற்கு முன்னரே, இரக்கத்துக்கும் வர்க்கம் உண்டென்பதை ஒரு கைக்கடிகாரத் தொழிலாளியின் மகன் கண்டு கூறிவிட்டான்.

எனினும் ரூசோவின் கடிதத்தை முற்றாக ஏற்றுக்கொள்ள எம்மால் இயலவில்லை. அவர் வீடுகளைக் கண்டார்; கண்ட பின்னர் யாவும் இறுதியில் நன்றே என்ற ஆறுதலுக்குத் திரும்பிச் சென்றார். மேலும், புகழும் செல்வமும் நிறைந்த நீர் உலகில் தீமையையே காண்கின்றீர், வறுமையும் நோயும் சூழ்ந்த நான் நன்மையைக் காண்கின்றேன் என்று அவர் வோல்ட்டேயரைக் குத்திக் காட்டுவதை வாசிக்கும்போது, கூரை ஒழுகும் வீட்டு மாணவனின் குரல் நம் காதில் ஒலிக்கின்றது. வறியவன் தன் வறுமையோடு சமாதானம் செய்துகொள்வதை ஒரு பெருமையாக ரூசோ இங்கே முன்வைக்கின்றார். வோல்ட்டேயரின் கண்ணீர் இவ்விடத்தில் மேலானது. அது எதனோடும் சமாதானம் செய்துகொள்ள மறுத்தது. கோபம் ஒருவரிடம் இருந்தது, அறிவு மற்றவரிடம் இருந்தது. இருவரும் ஒருவரையொருவர் கேட்கவில்லை. தமக்கும் வீட்டாருக்கும் உடல்நலம் சரியில்லை என்று கூறி வோல்ட்டேயர் மிகச் சுருக்கமாகப் பதில் எழுதி விலகிக்கொண்டார்.

தத்துவஞானிகள் கடிதம் எழுதிக்கொண்டிருந்தபோது உதவியும் சென்றது என்பதைக் கூறாமல் விடுவது நியாயமன்று. ஆங்கிலப் பாராளுமன்றம் ஒரு இலட்சம் பவுண் பெறுமதியான பணமும் பொருளும் வழங்க இணங்கியது. ஹம்பேர்க் நகரம் மரந்தடிகளைக் கப்பலேற்றி அனுப்பியது. லிஸ்பனில் ஆங்கிலேய வணிகர்களுக்கு இருந்த பெருமுதலை நினைவிற் கொண்டால் அந்தத் தாராளத்தின் ஒரு பகுதிக்கு விளக்கம் கிடைக்கும். பசித்தவனுக்கு அனுப்பப்பட்ட மாவும் இறைச்சியும் அனுப்பியவனின் கணக்குப் புத்தகத்தால் கெட்டுப்போவதில்லை என்பதும் உண்மையே.

இரக்கத்துக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் உள்ள உறவை நன்கறிந்தவர் அடம் ஸ்மித். முதலாளித்துவப் பொருளியலின் மூலவராக மாத்திரமே அவரை நம்மவர் அறிவர். ஒழுக்க உணர்ச்சிகள் பற்றிய அவரது நூல் 1759 இல் முதன்முதல் வெளிவந்து, அவராலேயே பலமுறை திருத்தப்பட்டது. அதில் ஒரு கற்பனை நிகழ்ச்சி வருகின்றது. சீனப் பேரரசு முழுவதும் ஒரு பூமியதிர்ச்சியால் விழுங்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். சீனாவோடு யாதொரு தொடர்புமற்ற, நல்லெண்ணம் படைத்த ஐரோப்பியன் ஒருவன் அச்செய்தியைக் கேட்டதும் என்ன செய்வான்? துக்கம் தெரிவிப்பான், மனித வாழ்வின் நிலையாமை பற்றிச் சிந்திப்பான், அதனால் ஐரோப்பிய வாணிபத்துக்கு என்ன நேரும் என்றும் சிறிது யோசிப்பான். பின்னர் ஒன்றுமே நிகழாததுபோலத் தன் அலுவலுக்கோ கேளிக்கைக்கோ திரும்புவான். மறுநாள் தன் சின்னவிரலை இழக்க நேரும் என்று அறிந்தாலோ அன்றிரவு அவனுக்கு உறக்கம் வராது. கோடிக்கணக்கானோரின் அழிவைக் கேட்டபின் குறட்டைவிட்டு உறங்குவான்.

இப்பகுதியை எடுத்தாள்வோர் பெரும்பாலும் குறட்டையோடு நிறுத்திவிடுகின்றனர். மனிதன் இயல்பிலேயே சுயநலமி என்று நிறுவ அது வசதியாக இருக்கின்றது. ஸ்மித் நிறுத்தவில்லை. அதே மனிதனிடம், உன் சின்னவிரலைக் காப்பதற்காக அத்தனை உயிர்களையும் பலிகொடுப்பாயா என்று கேட்டால் அவன் நடுங்கிப் பின்வாங்குவான் என்கின்றார். உணர்ச்சி இத்துணை பலவீனமாயிருக்கச் செயலில் இந்த நேர்மை எங்கிருந்து வருகின்றது? மென்மையான இரக்கத்திலிருந்து அது வரவில்லை. பலருள் நாமும் ஒருவர், எவ்வகையிலும் பிறரிலும் உயர்ந்தவரல்லர் என்று உணர்த்தும் பகுத்தறிவிலிருந்தும் மனச்சாட்சியிலிருந்தும் வருகின்றது என்பது அவரது விடை. தொலைவிலுள்ளோர் துயரத்தால் நாம் பெறத்தக்க பரந்த நோக்கு எது என்பதற்கு நாம் அறிந்தவற்றுள் நேர்மையான விளக்கம் இதுவே. பிறரை அளவுகோலாக்கி நம் கவலையைச் சிறியதாகக் காண்பது ஒன்று. பிறரின் கவலையும் நமது கவலையும் ஒரே அளவினவென்று காண்பது மற்றொன்று. முதலாவது தூக்கத்தைத் தருவது. ஸ்மித்தின் வாதத்திலும் ஓர் இடைவெளி உண்டு. ஐரோப்பியனின் சீனியும் பருத்தியும் உண்மையிலேயே தொலைதூர உயிர்களை விலையாகக் கொடுத்து வாங்கப்பட்ட காலத்தில் அவர் எழுதினார். சின்னவிரலின் பொருட்டு அல்ல, தேநீரின் இனிப்பின் பொருட்டுப் பலர் அந்தப் பேரத்துக்கு இணங்கியே இருந்தனர்.

வோல்ட்டேயர் இதனைக் கண்டார் என்பதற்கு அவரது 'கண்டீட்' என்னும் கதை சான்று. அதுவும் 1759 இல் வெளிவந்தது. கவிதையில் இல்லாத தரை இக்கதையில் இருக்கின்றது. லிஸ்பன் வீதியில், விழுந்த கற்களால் காயமுற்று இடிபாடுகளுக்குள் கிடக்கும் கண்டீட் சிறிது எண்ணெயும் வைனும் கேட்கின்றான். அவனுடைய ஆசானாகிய பங்குளோசோ, இதேபோன்ற அதிர்ச்சி அமெரிக்காவில் லீமா நகருக்கும் நேர்ந்தது, பூமிக்கடியிலே கந்தகப் படலமொன்று அங்கிருந்து இங்குவரை ஓடவேண்டும் என்று விரிவுரை நிகழ்த்துகின்றார். இருக்கலாம், எண்ணெயைத் தாரும் என்று மாணவன் கெஞ்சுகின்றான். இருக்கலாமா, நிரூபிக்கப்பட்டதென்றல்லவா சொல்கின்றேன் என்று ஆசான் சினக்கின்றார். மாணவன் மூர்ச்சையாகின்றான். ஆசிரியத் தொழிலில் இருக்கும் நாம் இந்தக் காட்சியைச் சிரித்துக்கொண்டே வாசித்துவிட முடியாது. அடுத்த அத்தியாயத்தில், மேலும் அதிர்ச்சிகள் வராமற் காப்பதற்கென்று நகரத்து அறிஞர்கள் சிலரைத் தீயிலிட ஏற்பாடு செய்கின்றனர். சில அத்தியாயங்கள் கழித்து, கையும் காலும் இழந்த அடிமையொருவன் சூரினாம் நாட்டுச் சாலையோரத்தில் கிடந்து, ஐரோப்பியர் சீனி உண்பதன் விலை இதுவென்று கூறுகின்றான். நெடுங்கவிதையின் கம்பீரமான துயரத்தைவிட இந்தக் கேலிக்கதை மனித வாழ்வுக்கு நெருக்கமானது. கேலி இரக்கத்துக்குப் பகையென்று எண்ணும் நம் விமர்சகர் சிலர் இதனைக் கவனிப்பது நன்று.

யேர்மனியரான கிளைஸ்ட் 1807 இல் வெளியிட்ட சிறுகதையொன்றையும் இங்கே குறிப்பிடவேண்டும். 1647 இல் சிலி நாட்டின் சந்தியாகோ நகரம் அழிந்த பூமியதிர்ச்சி அதன் களம். விதிக்கு மாறாகக் காதலித்தமைக்காகக் கொலைத்தண்டனை பெற்ற ஒரு பெண்ணையும், சிறையில் தூக்கிட்டுக்கொள்ள முனைந்த அவள் காதலனையும் அந்த அதிர்ச்சியே விடுவிக்கின்றது. நகருக்கு வெளியே ஒரு பள்ளத்தாக்கில் சீமாட்டியும் பிச்சைக்காரனும் ஒரே குடும்பம் போலப் பகிர்ந்துண்டு இரவைக் கழிக்கின்றனர். மறுநாள், எஞ்சி நின்ற தேவாலயத்திலே நன்றிப் பூசை நடக்கின்றது. நகரத்தின் பாவமே அழிவுக்குக் காரணமென்று குருவானவர் முழங்க, கூட்டம் பாவிகளைத் தேடி அவ்விருவரையும் அடித்துக் கொல்கின்றது. ஒரு குழந்தையும் தவறாக இனங்காணப்பட்டுக் கொல்லப்படுகின்றது. பேரழிவு மனிதரைச் சமமாக்கிவிடும் என்று நம்புவோர்க்கு இக்கதையைப் பரிந்துரைக்கின்றோம். சமத்துவம் ஒரு நாள் நீடித்தது. தேவாலயம் இடியாமல் நின்றது.

பாவத்தின்மீது பழிபோடும் இவ்வழக்கம் ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதன்று. 1934 ஆம் ஆண்டு ஜனவரி 15 ஆம் திகதி பீகாரையும் நேபாளத்தையும் பெரும் பூமியதிர்ச்சியொன்று தாக்கியது. அவ்வேளை காந்தியடிகள் தீண்டாமை ஒழிப்புப் பிரயாணத்தில் தென்னிந்தியாவில் இருந்தார். ஜனவரி 24 ஆம் திகதி திருநெல்வேலியில் பேசுகையில், தீண்டாமை என்னும் பாவத்துக்கு இறைவன் அளித்த தண்டனையே பீகாரின் அழிவு என்றார். தாகூர் இதனைக் கேட்டு வருந்தி மறுப்பு எழுதினார். காந்தியடிகள் அம்மறுப்பைத் தமது 'ஹரிஜன்' பத்திரிகையிலேயே தமது விடையோடு சேர்த்து வெளியிட்டார். இத்தகைய பத்திராதிபர் நேர்மை இன்று அருகிவிட்டது என்பதை இடையிலே கூறிக்கொள்கின்றோம். பௌதிக நிகழ்ச்சிகளுக்குப் பௌதிகக் காரணங்களே உண்டு, நமது பாவங்கள் எவ்வளவு பெரியனவாயினும் பூமியைக் குலைக்கும் வலிமை அவற்றுக்கில்லை என்பது தாகூரின் வாதம். இதே தருக்கத்தை வைத்து, காந்தியடிகளின் தீண்டாமை ஒழிப்பே அழிவைக் கொணர்ந்தது என்று வைதிகர்களும் கூறலாமே என்றும் அவர் சுட்டிக்காட்டினார்.

தாகூரின் பக்கமே நியாயம் இருக்கின்றது. ஆனால் காந்தியடிகளின் கூற்றிலுள்ள ஒரு சிறப்பையும் நாம் மறைக்கக்கூடாது. பீகாரின் செய்தி கேட்டு, நாம் எவ்வளவு பாக்கியசாலிகள் என்று ஆறுதலடையும்படி அவர் திருநெல்வேலி மக்களுக்குக் கூறவில்லை. உங்கள் ஊரில் நீங்கள் இழைக்கும் அநீதியைப் பாருங்கள் என்றார். பார்க்கவேண்டிய இடத்தைச் சரியாகச் சுட்டினார்; காரண காரியத் தொடர்பைப் பிழையாகச் சொன்னார். அழிந்தவர்களுள் தீண்டாமைக்கு ஆளானோரும் இருந்தனர் என்ற ஒரு உண்மையே அவரது விளக்கத்தைத் தகர்க்கப் போதுமானது. ரூசோவின் பந்தியைப் பீகாரின்மேல் வைத்துப் பார்த்திருந்தால், எந்தச் சாதியாரின் வீடு எதனாற் கட்டப்பட்டிருந்தது, எங்கே கட்ட அவர்களுக்கு அனுமதி இருந்தது என்ற வினாக்கள் பிறந்திருக்கும். சாதிக்கும் அழிவுக்கும் உள்ள உண்மையான தொடர்பு அங்கேதான் இருந்தது. கடவுளை அழைக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

2004 டிசம்பர் 26 ஆம் திகதிக்குப் பின்னர் நாமே பிறருக்குத் தொலைதூர நாட்டினர் ஆனோம். முப்பதினாயிரத்துக்கும் அதிகமானோரை ஆழிப்பேரலைக்குப் பறிகொடுத்த இத்தீவின் படங்களைப் பார்த்து, எங்கோ ஒரு நாட்டில் எவரோ தம் கவலைகள் சிறியவை என்று ஆறுதலடைந்திருப்பர். அவர்களுள் பலர் பணமும் அனுப்பினர்; நன்றியோடு ஏற்றோம். நம்மவர் அப்போது எழுதிய கவிதைகளில் நாம் வாசித்தவற்றுட் பல, கடலைத் தாயென்று விளித்துப் பின்னர் கொலைகாரியென்று தூற்றின. வோல்ட்டேயர் வானத்தை நோக்கிக் கேட்டதை இவர்கள் கடலை நோக்கிக் கேட்டார்கள். கரையிலிருந்து தெற்கே நூறு மீற்றருக்குள்ளும் வடக்குக் கிழக்கில் இருநூறு மீற்றருக்குள்ளும் வீடு கட்டலாகாது என்று அரசாங்கம் விதித்தபோது, கரைவலைத் தொழிலாளி எங்கே குடியிருந்து எவ்வாறு தொழிலுக்குப் போவது என்பதைப்பற்றி அத்தனை கவிதைகள் பிறக்கவில்லை. அப்பொருளில் எழுதுவது கடினம். அளவைநாடாவுக்குக் கடலின் கம்பீரம் இல்லை.

லிஸ்பனில் அளவைநாடாவைக் கையிலெடுத்தவர் பின்னாளில் பொம்பால் கோமகன் என்று பெயர்பெற்ற மந்திரி. கொடுங்கோன்மை மிக்கவர், அவரது சிறைகளைப்பற்றி எழுதப் பல பக்கங்கள் வேண்டும். அவருடைய ஆட்சியில் நாட்டின் பங்குகளுக்கெல்லாம் ஒரு வினாக்கொத்து அனுப்பப்பட்டது. அதிர்ச்சி எத்தனை மணிக்குத் தொடங்கி எவ்வளவு நேரம் நீடித்தது, எத்தனை வீடுகள் பாழாயின, கடல் முதலில் ஏறியதா வடிந்ததா, உணவுப்பஞ்சம் இருந்ததா, தீ எத்தனை நாள் எரிந்தது என்று அது வினவியது. தண்டனையா சோதனையா என்று வினவவில்லை. மாண்டோருள் பிரபலமானவர்கள் எவரேனும் உண்டா என்ற கேள்வியும் அதில் இருக்கின்றது. ரூசோ சொன்ன கனவான்கள் இங்கும் விட்டபாடில்லை. அழிந்த நகரின் நடுப்பகுதியை மீண்டும் கட்டுகையில் ஒவ்வொரு கட்டடத்தின் உள்ளேயும் அதிர்வைத் தாங்கும் மரச்சட்டகம் அமைக்கப்பட்டது. போர்த்துக்கேய மொழியில் அதற்குக் கூண்டு என்று பொருள்படும் பெயர் வழங்குகின்றது. அக்கூண்டுகளுட் பல இன்றும் நிற்கின்றன.

நேபாளத்தில் 2015 இல் அழிந்த வீடுகள் ஐந்து இலட்சத்தை எட்டும். அவற்றுட் பெரும்பாலானவை கல்லையும் களிமண் சாந்தையும் கொண்டு எழுப்பப்பட்ட கிராமத்து வீடுகள். சிமெந்தும் கம்பியும் வாங்க வசதியற்றோர் அவற்றைக் கட்டினர். இதனை நாம் அறிந்துகொண்டது மாணவனின் கொப்பியைத் திருப்பிக் கொடுத்துப் பல மாதங்களின் பின்னர். 'உயர்ந்த சிந்தனை' என்று ஓரத்தில் எழுதியதை அழிக்கும் வாய்ப்பு அதற்குள் போய்விட்டது.

துருக்கியின் செய்தி வந்த 2023 ஆம் ஆண்டில் அதே வகையான தலைப்பை வேறொரு வகுப்புக்குக் கொடுத்தோம். இம்முறை கரும்பலகையில் தலைப்பின் கீழே இரண்டு வினாக்களை எழுதினோம். விழுந்த வீடுகள் எவற்றாற் கட்டப்பட்டிருந்தன? நமது ஊரில் அவ்வாறான வீடுகள் எவை, அவற்றில் வாழ்வோர் யார்? வெகுநேரம் எவரும் எழுதவில்லை. பின்னர் பின்வாங்கில் இருந்த பிள்ளையொருத்தி எழுந்து, "சேர், போய்ப் பாத்திட்டு வந்து நாளைக்கு எழுதலாமா?" என்று கேட்டாள். கொப்பிகளை மூடச் சொன்னோம்.